ட்ரோன் விழுந்தால் யார் கட்டுவது? பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் பொருந்தும் காப்புறுதிகள்

"காப்புறுதி கட்டாயமா?" சிங்கப்பூரில் ட்ரோன் வாங்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கல்யாணம், காதணி விழா, கோயில் குடமுழுக்கு என்று படமெடுக்கும் தொழிலில் இருப்பதால் என்னிடமும் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: எதற்காகப் பறக்கவிடப் போகிறீர்கள்? அதற்கு உண்மையான பதில் கிடைத்துவிட்டால், எந்தக் காப்புறுதி பொருந்தும் என்பதில் பாதி முடிவாகிவிடும். எடை, விலை எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இங்குள்ள சட்டமும் நோக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறது. பொழுதுபோக்கும் கல்வியும் ஒரு பக்கம். மற்ற எல்லாம் இன்னொரு பக்கம். அந்த இன்னொரு பக்கத்தில் இருப்பவர், கையிலிருப்பது உள்ளங்கை அளவு ட்ரோனாக இருந்தாலும், சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம், ட்ரோன் இயக்குபவருக்கான இயக்குநர் அனுமதியும், பறக்கும் வேலைக்கான நடவடிக்கை அனுமதியும் பெற வேண்டும். பறக்கவிடுபவரிடம் விமானி உரிமமும் இருக்க வேண்டும். பொழுதுபோக்குப் பக்கத்தில்தான் எடை பேசத் தொடங்குகிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை 2020 ஜனவரி 2 முதல் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். 1.5 கிலோவைத் தாண்டினால் அடிப்படைப் பயிற்சி. 7 கிலோவைத் தாண்டினால் பொழுதுபோக்குக்கும் விமானி உரிமம்.

இந்தப் பதிவுகளில் எதிலும், பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவரிடம் காப்புறுதிச் சான்றிதழ் கேட்பதில்லை. அதனால்தான் பலர் "கட்டாயமில்லை, விட்டுவிடலாம்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தொழில்முறைப் பக்கம் வேறு விதம். அங்கே உங்கள் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகள்தாம் உங்களைக் கட்டுப்படுத்தும். அவற்றை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் ஆணையத்துக்கு முன்பே வாடிக்கையாளர் கேட்டுவிடுவார். கொண்டோ எனப்படும் கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழு, நகர மன்றம், ஹோட்டல், கட்டுமான நிறுவனம் என யாருடைய இடத்தில் வேலை செய்தாலும், உங்களால் அடுத்தவருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடு கட்டும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியின் சான்றிதழைக் கொடுத்த பிறகுதான் வாசலுக்குள் விடுவார்கள். ஒப்பந்தத்தில் காப்பு வரம்பும் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது மில்லியன் வெள்ளிக் கணக்கில் இருக்கும்.

மற்ற நாடுகள் இதே கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கின்றன. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு மட்டும் விலக்கு. மற்றவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதி, கட்டாயம். பிரிட்டனில் தொழில்முறையில் பறக்கவிடுபவர் சட்டப்படியான குறைந்தபட்ச வரம்புக்குக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். 20 கிலோவுக்குக் குறைவான பொழுதுபோக்கு ட்ரோனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் பொழுதுபோக்குக்கும் கட்டாயம். ஊருக்குப் போகும்போது ட்ரோனையும் எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய இந்தியா 2022 பிப்ரவரியில் தடை விதித்தது. காப்புறுதியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே சுங்கத்தில் பெட்டி நின்றுவிடும்.

சட்டம் கேட்கவில்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயமோ உடைமைச் சேதமோ ஏற்பட்டால், ஈடு கொடுக்க வேண்டியவர் பறக்கவிட்டவர்தான். காயம்பட்டவர் வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. உடைமைச் சேதத்துக்கு ஆறு ஆண்டுகள். 20,000 வெள்ளிக்கு உட்பட்ட உடைமைச் சேதம் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே உங்கள்மீது கோரிக்கை எழுப்பலாம். உடற்காயம் அங்கே போகாது, அதற்கு நீதிமன்றம்தான். அங்கே மருத்துவச் செலவு, இழந்த வருமானம், வலிக்கும் வேதனைக்கும் ஈடு என்று கணக்கு நீளும்.

யார் பறக்கவிட்டது என்று தெரியாமல் தப்பிக்கும் காலமும் முடிந்துவிட்டது. 2019 ஜூன் 18 இரவு சாங்கி விமான நிலையத்தின் அருகே ட்ரோன்கள் தென்பட்டு 37 விமானங்கள் தாமதமானதை மறந்திருக்க மாட்டீர்கள். கட்டாயப் பதிவு அதற்கு அடுத்த ஆண்டே வந்தது. 2025 டிசம்பர் முதல், வெளியே பறக்கும் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன்கள் தம் அடையாளத்தை வானலையில் அறிவித்துக்கொண்டே பறக்க வேண்டும்.

ஆபத்தின் அளவையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். டிஜேஐ மேவிக் 3 போன்ற ஒரு ட்ரோனின் எடை 895 கிராம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கின் பத்தாவது மாடி அளவு உயரம், அதாவது ஏறத்தாழ 30 மீட்டரிலிருந்து, அது இறக்கை நின்று விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். காற்று அதைக் கொஞ்சம் குறைக்கும். கீழே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் அந்தக் கொஞ்சம் பெரிய ஆறுதல் தராது. 249 கிராம் ட்ரோனின் தாக்கம் இதில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும், ஆனால் சுழலும் இறக்கை கண்ணில் பட்டால் எடை குறைவு என்று யாரும் மன்னிக்கப் போவதில்லை.

வீட்டுக் காப்புறுதி போதுமா?

பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது தங்கள் வீட்டுக் காப்புறுதியை. இதில் இரண்டு காப்புறுதிகள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. வீவக கடன் வாங்கியவர்கள் கட்டாயம் எடுக்கும் தீக் காப்புறுதி, வீட்டின் கட்டுமானத்துக்கு மட்டும். அதில் மூன்றாம் தரப்புப் பொறுப்பு கிடையாது. விருப்பப்பட்டு எடுக்கும் வீட்டுப் பொருள் காப்புறுதியில்தான் "குடும்பப் பொறுப்பு" அல்லது "தனிநபர் பொறுப்பு" என்ற பகுதி வரும். அரை மில்லியன், ஒரு மில்லியன் வெள்ளி என்று அங்கே போட்டிருப்பதைப் பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடும்.

அதே ஆவணத்தில் விலக்குகள் என்ற தலைப்பைத் தேடி எடுங்கள். மோட்டார் வாகனம், படகு, "விமானம்" ஆகியவற்றை வைத்திருப்பதாலோ இயக்குவதாலோ எழும் பொறுப்புக்குக் காப்பில்லை என்று ஒரு வரி பெரும்பாலான ஆவணங்களில் இருக்கும். சிலவற்றில் பொம்மை விமானத்துக்கும் மாதிரி விமானத்துக்கும் மட்டும் அந்த விலக்கிலிருந்து விடுதலை கொடுத்திருப்பார்கள். ட்ரோன் பொம்மையா, மாதிரி விமானமா, விமானமா என்பதைக் கோரிக்கை எழும் நாளில் விவாதிக்கக் கூடாது. இன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் ட்ரோனின் பெயர், எடை, பொழுதுபோக்குப் பயன்பாடு மூன்றையும் எழுதி, பொறுப்புப் பகுதி இதற்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் "ஆமாம்" பின்னால் உங்களுக்குத் துணை நிற்காது. எழுத்தில் வந்த "ஆமாம்" நிற்கும். பயணக் காப்புறுதியின் தனிநபர் பொறுப்புக்கும் இதே கதைதான். அங்கே விலக்கு இன்னும் இறுக்கமாக இருக்கும்.

ட்ரோன் தயாரிப்பாளர் விற்கும் பாதுகாப்புத் திட்டத்தையும் சிலர் காப்புறுதி என்று எண்ணிவிடுகிறார்கள். அது உங்கள் ட்ரோன் உடைந்தால் மாற்றித் தருவதற்கு. அடுத்தவர் கார்க் கண்ணாடி உடைந்தால் அதில் ஒரு வெள்ளியும் வராது.

அப்படியானால் பொழுதுபோக்காளர் என்ன செய்யலாம்? என் கருத்து இது. 249 கிராம் ட்ரோனைத் திறந்த வெளியில், ஆளில்லாத இடத்தில் எப்போதாவது பறக்கவிடுபவருக்கு, வீட்டுக் காப்புறுதி எழுத்தில் உறுதி தந்தால் அதுவே போதும். உறுதி தரவில்லை என்றாலோ, ட்ரோன் 250 கிராமுக்கு மேல் என்றாலோ, வாரந்தோறும் பறக்கவிடுபவர் என்றாலோ, ட்ரோன் என்று பெயர் சொல்லியே காப்பளிக்கும் தனிப் பொறுப்புக் காப்புறுதிக்குப் போக வேண்டும். மாதிரி விமானக் கழகங்களின் உறுப்பினர் காப்பு கிடைத்தால் அது செலவு குறைந்த வழி. ஆனால் அந்தக் காப்பு கழகத்தின் மைதானத்தில் மட்டுமா, வெளியிலும் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். காப்புறுதியே வேண்டாம், வந்தால் கையிலிருந்து கட்டிக்கொள்கிறேன் என்ற முடிவை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது. கார்க் கண்ணாடிக்கு அது சரிவரலாம். ஒருவரின் பார்வைக்குச் சரிவராது.

நண்பனுக்காக ஒரு நாள் மட்டும்

ஒப்பீட்டில் மிகவும் சிக்கலான இடம் இதுதான். நம் சமூகத்தில் இது அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அக்கா மகள் கல்யாணம். கூட்டுரிமை வீட்டின் நீச்சல் குளத்தருகே வரவேற்பு. "தம்பி, உன்கிட்ட ட்ரோன் இருக்கே, மேலே இருந்து ஒரு படம் எடுத்துக் கொடேன்" என்கிறார்கள். பணம் வாங்காமல், குடும்பத்துக்காக, தன் மகிழ்ச்சிக்காக எடுத்தால் அது பொழுதுபோக்கு. அடுத்த மாதம் அதே படத்தைப் பார்த்த மாப்பிள்ளையின் நண்பர், தன் தங்கை கல்யாணத்துக்கும் வரச் சொல்லி 300 வெள்ளியை உறையில் வைத்துக் கொடுக்கிறார். உறையை வாங்கிய கணத்திலேயே நீங்கள் தொழில்முறைப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். இயக்குநர் அனுமதி வேண்டும், நடவடிக்கை அனுமதி வேண்டும், விமானி உரிமம் வேண்டும். பணமே வாங்காவிட்டாலும், ஒரு சொத்து முகவர் தான் விற்கும் வீட்டை மேலிருந்து படமெடுத்து விளம்பரத்தில் போட்டால் அதுவும் தொழிலுக்கான பயன்பாடுதான்.

இப்போது உங்களிடம் பொழுதுபோக்குக் காப்புறுதி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணைப் பக்கத்தில் "பயன்பாடு" என்ற கட்டத்தில் "தனிப்பட்ட பொழுதுபோக்கு" என்று அச்சிட்டிருக்கும். உறை வாங்கிய நாளில் ட்ரோன் மரத்தில் உரசி விருந்தாளியின் தோளில் விழுந்தால், நிறுவனம் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். இரண்டாவதாகப் பார்ப்பது அனுமதிகளை. சட்டத்துக்கு மாறாகப் பறந்தபோது நேர்ந்த விபத்துக்குக் காப்பில்லை என்ற நிபந்தனை ட்ரோன் காப்புறுதிகளில் சாதாரணம். ஆக, சந்தா கட்டியும் காப்பில்லை. அதற்கு மேல் சட்டத்தின் பிடி தனி.

இந்த இடத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு இரண்டு மூன்று வேலைதான் வரும் என்றால், ட்ரோன் படத்தை நீங்கள் எடுக்காதீர்கள். அனுமதியும் காப்புறுதியும் வைத்திருக்கும் ஒருவரை அந்த நேரத்துக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள்; அவர் கட்டணத்தை வாடிக்கையாளர் விலையில் சேர்த்துவிடுங்கள். அவருடைய காப்புறுதிச் சான்றிதழின் நகலை முன்கூட்டியே வாங்கி, காலாவதித் தேதியையும் காப்பு வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை மாதந்தோறும் வரத் தொடங்கினால் அப்போது நீங்களே அனுமதி எடுத்து, முழுமையான தொழில்முறைக் காப்புறுதிக்குப் போகலாம். நடுவில் நின்று இரண்டு பக்கச் சலுகையையும் எதிர்பார்ப்பது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்த கதையாகிவிடும்.

தொழிலுக்கு: ஆண்டுக் காப்புறுதியா, வேலைக்கு வேலையா?

தொழில்முறையாளர்களின் முதல் தடுமாற்றம், ஏற்கெனவே இருக்கும் கடை அல்லது அலுவலகப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி போதும் என்று நினைப்பது. அதிலும் "விமானம்" விலக்கு இருக்கும். புகைப்பட நிலையத்துக்கு எடுத்த பொதுப் பொறுப்பு, விளக்குக் கம்பத்தில் ஒருவர் தடுக்கி விழுந்தால் கட்டும். ட்ரோன் விழுந்தால் கட்டாது. எனவே விமானத்துறைப் பொறுப்புக் காப்புறுதியைத் தனியாகவோ, இணைப்பாகவோ எடுத்தாக வேண்டும்.

ஒரே வேலைக்கு மட்டும் எடுக்கும் காப்புறுதி, நான்கைந்து நாள் ஆவணப்படம் போன்ற வேலைக்குச் சரி. தேதி தள்ளிப்போனால் சிக்கல்: மழை, காற்று, அனுமதித் தாமதம் என்று சிங்கப்பூரில் நாள் மாறுவது சகஜம். டிசம்பர், ஜனவரி பருவமழையில் வேலை வைத்திருப்பவர், தேதி மாறினால் காப்பும் அந்தத் தேதிக்கு மாறுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மாதத்துக்கு ஒரு வேலைக்கு மேல் இருந்தால் ஆண்டுக் காப்புறுதியே நிம்மதி. ஒவ்வொரு முறையும் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு நிறுவனங்களின் விலைக் குறிப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது சந்தாவைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, காப்பு வரம்பு ஒரு விபத்துக்கா, ஆண்டு முழுவதற்குமா என்பது. "1 மில்லியன் வெள்ளி" என்று இரண்டிலும் இருக்கும். ஒன்றில் ஒவ்வொரு விபத்துக்கும், மற்றதில் ஆண்டின் எல்லா விபத்துகளுக்கும் சேர்த்து. அடுத்தது, விபத்து நடந்த தேதியில் காப்புறுதி உயிரோடு இருந்தால் போதுமா, கோரிக்கை வந்த தேதியிலும் இருக்க வேண்டுமா என்பது. காயம்பட்டவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. தொழிலை நிறுத்திவிட்டு ட்ரோனையும் விற்றுவிட்ட பிறகு வழக்கறிஞர் கடிதம் வந்தால், இரண்டாவது வகைக் காப்புறுதி உங்களைக் கைவிட்டுவிடும். இரண்டு வகைக்கும் விலையில் வித்தியாசம் இருந்தால், கூடுதலாகக் கட்டியாவது முதல் வகையை எடுங்கள் என்பேன்.

பிறகு அட்டவணைப் பக்கம். எந்த விமானியின் பெயர்? எந்த ட்ரோனின் வரிசை எண்? புதிய ட்ரோன் வாங்கி, பழைய எண்ணை மாற்றச் சொல்ல மறந்துவிட்டால் அன்றிலிருந்து நீங்கள் காப்பில்லாமல் பறக்கவிடுகிறீர்கள். இரவில் பறக்கலாமா? கூட்டத்துக்கு மேலே? கண்ணுக்கு எட்டாத தூரத்தில்? தைப்பூச ஊர்வலத்தையோ தீபாவளி ஒளியூட்டையோ மேலிருந்து எடுக்க ஆசைப்படுபவர்கள் பலர். சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை மக்கள் நெருக்கம். அனுமதி கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் கூட்டத்தின் மேல் பறப்பதைக் காப்புறுதி ஏற்கிறதா என்பது தனிக் கேள்வி.

கட்டட முகப்புச் சோதனையில் இறங்குபவர்களுக்கு இன்னும் ஓர் அடுக்கு இருக்கிறது. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் முகப்பை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்ததிலிருந்து, இந்தத் துறையில் ட்ரோனுக்கு வேலை பெருகியிருக்கிறது. இங்கே ட்ரோன் சுவரில் மோதினால் பொறுப்புக் காப்புறுதி கட்டும். ஆனால் படம் மங்கலாக எடுத்து, விரிசல் ஒன்று கண்ணில் படாமல் போய், பிறகு ஓடு பெயர்ந்து விழுந்தால்? அது தொழில்முறைத் தவறு. அதற்குத் தொழில்முறை ஈட்டுறுதிக் காப்புறுதி வேறு வேண்டும். 9 கிலோ எடைக்குப் பறக்கும் டிஜேஐ மேட்ரிஸ் 350 போன்ற பெரிய ட்ரோன்களை இயக்கும் நிறுவனங்கள் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

உதவியாளரையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று வானத்தைக் கவனிக்கும் பையன் உங்கள் ஊழியர் என்றால், அவர் கையில் இறக்கை வெட்டினால் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கட்டாது. அதற்கு வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதி. உடலுழைப்பு வேலை செய்பவருக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், மற்ற வேலை செய்பவரில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குவோருக்கும் முதலாளி அதை எடுத்தே ஆக வேண்டும். ட்ரோன் காப்புறுதியில் சட்டக் கட்டாயம் உண்டா இல்லையா என்று விவாதிப்பவர்கள், சந்தேகத்துக்கு இடமே இல்லாத இந்தக் கட்டாயத்தைப் பல நேரம் கவனிப்பதில்லை.

எந்தக் காப்புறுதியும் பறக்கக்கூடாத இடத்தில் உங்களைப் பறக்கவிடாது

விமான நிலையத்திலிருந்தும் ராணுவ விமானத் தளத்திலிருந்தும் ஐந்து கிலோமீட்டருக்குள் பறக்க அனுமதி வேண்டும். ஹவ்காங், செங்காங் பாய லேபார் தளத்துக்கு அருகில், ஈசூன் செம்பவாங் தளத்துக்கு அருகில், சுவா சூ காங் தெங்காவுக்கு, பொங்கோல் சிலேத்தாருக்கு. நம்மில் பலர் வாழும் பேட்டைகள் இவை. 200 அடிக்கு மேலும் அனுமதி வேண்டும், அந்த 200 அடி நீங்கள் நிற்கும் தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. புக்கிட் தீமா குன்றின் உச்சி 163 மீட்டர். 200 அடி என்பது 61 மீட்டர். அங்கே ட்ரோனைத் தரையில் வைத்திருக்கும்போதே நீங்கள் வரம்புக்கு மேல் இருக்கிறீர்கள். பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேறு. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒன்மேப் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். அனுமதியில்லாத இடத்தில் நடந்த விபத்துக்கு எவ்வளவு பெரிய காப்பு வரம்பும் உதவிக்கு வராமல் போகலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் விபத்து நடந்துவிட்டால், காயம்பட்டவரைக் கவனிப்பது முதல் வேலை. ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 995. பிறகு இடத்தையும் சேதத்தையும் படமெடுங்கள், ட்ரோனின் பறப்புப் பதிவை அழியாமல் சேமியுங்கள், பார்த்தவர்களின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள், அன்றே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதுங்கள். "தவறு என்னுடையதுதான், எல்லாச் செலவும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நம் பண்பாட்டில் வாயில் வந்துவிடும். மன்னிப்புக் கேளுங்கள், நலம் விசாரியுங்கள், ஆனால் நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஏற்பதோ பணம் கொடுப்பதோ காப்புறுதி நிபந்தனையை மீறுவதாகும். அதனால் நிறுவனம் கைவிரித்தால் பாதிக்கப்பட்டவருக்கும் நட்டம். கோரிக்கை மறுக்கப்பட்டு, மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால், தனிநபர்கள் நிதித் துறைத் தகராறுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் நிலையத்துக்குப் போகலாம். அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும்; ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு.